கைருன்னிசா வீட்டுத் தனித்தட்டு

மலேசியாவில், கோலசிலாங்கூரில் கைருன்னிசாவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. மீன் வாங்க ஆற்றைத் தாண்டிப் பாசிர் பெனம்பாங்குக்குப் போனால், செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நேற்றைய மீனைத் தன்னிடமே விற்கப் பார்ப்பதா என்று சீனக் கடைக்காரரிடம் மலாயில் ஒரு பிடி பிடிப்பாள். அடுத்த நிமிடமே அவருடைய பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரிப்பாள். ஐம்பத்து மூன்று வயது. மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தி, பதினெட்டில் ஜியாவுதீனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. அதன் அடுப்படிக்குள் நுழைந்தவள், முழங்கால் வலி வந்து வெளியே வந்தபோது முப்பது வருடம் ஓடிப்போயிருந்தது. இப்போது கடையை மகன் சுல்கிஃப்லி பார்த்துக்கொள்கிறான். அவன் கல்யாணம் ஆகித் தனியாகப் போய்விட்டதால் வீட்டில் மாடி அறை காலியாகக் கிடந்தது.

அந்த அறைக்குத்தான் ஒரு வெளிநாட்டுப் பெண்ணைக் கூட்டி வருவது என்று கைருன்னிசா முடிவெடுத்தாள்.

ஊரைத் தாண்டி உள்ளே, எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் முதல் ஆறு மாதம் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கிப் படிக்க அங்கே ஓர் ஏற்பாடு. அதைக் கவனிக்கும் அதிகாரி உமாபதி, ரவாங்கிலிருந்து வருகிறவர், கடையில் டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் சுல்கிஃப்லியிடம் சொல்லியிருக்கிறார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே கைருன்னிசா அவருக்குப் போன் போட்டுப் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

குடும்பமே எதிர்த்தது. ஜியாவுதீன், "வீட்டுல நிம்மதியா இருக்கக் கூடாதா?" என்றார். அடுத்த சந்தில் இருக்கும் அவர் தங்கை ஷஹீதா ஓடி வந்தாள். அண்ணன் மனைவியை அவள் மச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

"வெள்ளைக்காரப் புள்ள நம்ம வீட்டுல என்னத்த மச்சி சாப்பிடும்? ஒரு மாசம் தாங்காது, பாருங்க."

"நீ மக்கா பாத்த, துருக்கி பாத்த, கொரியாவுல போயி பனியில நின்னு போட்டோ புடிச்ச. நான் எங்க போனேன்? இந்த முழங்கால வச்சுக்கிட்டு இனி எங்க போவேன்? நான்தான் போவல, ஊராவது நம்ம வீட்டுக்கு வரட்டுமே லா" என்றாள் கைருன்னிசா, மலேசியர்கள் பேச்சை அழுத்திச் சொல்லும் அந்த 'லா'வையும் சேர்த்து.

ஆனாலும் அந்தப் பெண் ஒரு மாதத்தில் ஓடிப்போய்விடும் என்று ஆளாளுக்கு முகத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். இப்படித்தான் அது கைருன்னிசாவுக்கு மானப் பிரச்சினை ஆனது.

வந்தவள் பெயர் நிகோரா. உஸ்பெகிஸ்தானில் நமங்கான் என்ற ஊர். இருபது வயது, கணினி படிக்க வந்தவள். தலைத்துணியைப் பிடரியில் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு, ஒரே ஒரு பெட்டியோடு வாசலில் நின்று ஸலாம் சொன்னாள். அந்த ஸலாமைக் கேட்டதுமே கைருன்னிசாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. வங்கியில் வேலை பார்க்கும் மகள் ஃபராவைக் கூப்பிட்டு, "பாரு, எவ்வளவு அடக்கம். நீயும் இருக்கியே" என்று முதல் வேலையாக அவளை ஒரு குட்டுக் குட்டினாள்.

அதற்குப் பிறகு அந்த வீடு பட்ட பாட்டை என்னவென்று சொல்வது? ஜியாவுதீன் வீட்டில் கைலியும் பனியனுமாகத் திரிகிற மனிதர். இனி சட்டை போடாமல் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. கோலசிலாங்கூர் வெயிலில், தன் சொந்த வீட்டில், கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபரா சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது. தொலைக்காட்சிச் சத்தம் பாதியாகக் குறைந்தது. நெத்திலிக் கருவாடு வீட்டுக்குள் வரவே கூடாது. வெள்ளைத்தோல் பிள்ளைகள் ரொட்டி, ஜாம், சீஸ்தான் சாப்பிடும் என்று கைருன்னிசாவாகவே தீர்மானித்து, குளிர்பெட்டி நிறைய வாங்கி அடுக்கினாள். ராத்திரிக்கு மிளகாய் காட்டாத ஒரு கோழி சூப். அதைக் குடித்துப் பார்த்த ஜியாவுதீன், "ஆஸ்பத்திரியில கூட இதவிட உப்பு போடுவாங்க" என்றார்.

நிகோரா எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னாள். மலாயில் "தெரிமா காசி" என்ற சொல்லைத்தான் அவள் முதலில் கற்றுக்கொண்டாள், பாவம், அதை நாளுக்கு ஐம்பது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஒருநாள் காலையில் சீக்கிரமே எழுந்து அவள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். சன்னல் வழியாகப் பார்த்த கைருன்னிசா முழங்கால் வலியையும் மறந்து ஓடி வந்து விளக்குமாற்றைப் பிடுங்கினாள். "அய்யோ, பக்கத்து வீட்டுல பாத்தா என்னை என்ன சொல்லுவாங்க!" இன்னொரு நாள் தான் சாப்பிட்ட தட்டைக் கழுவக் குழாயடியில் நின்றவளைத் தோளைப் பிடித்து விலக்கி, நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தாள். இதையெல்லாம் அவள் வேண்டா வெறுப்பாகச் செய்யவில்லை. உள்ளபடியே சந்தோஷமாகச் செய்தாள். பாசிர் பெனம்பாங் மீன்கடை வரைக்கும் போய், "எங்க வீட்டுல ஒரு உஸ்பெக் புள்ள இருக்கு" என்று பெருமை அடித்துவிட்டு வந்தாள்.

அந்தப் பெண் மட்டும் வாரத்துக்கு வாரம் வாடிக்கொண்டே வந்தது. வகுப்பு முடிந்து வந்தால் மாடியேறிக் கதவைச் சாத்திக்கொள்ளும். படிப்பு அதிகம் போல என்று கைருன்னிசா நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது வாரத்தில் வீட்டில் நபிகள் நாயகத்தின் புகழ்பாடும் மவ்லூது ஓதினார்கள். கைருன்னிசாவின் தாய் வழி கீழக்கரை. அந்தப் பக்கத்து வழக்கம், விருந்தென்றால் சகன் சாப்பாடு. சகன் என்பது நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் கை எட்டுகிற அளவுக்கு ஒரு பெரிய வட்டத் தட்டு. நடுவில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே ஆட்டுக்கறியை வைத்துப் பருப்புக் குழம்பான தால்ச்சாவை ஊற்றிவிடுவார்கள். நாலு பேரும் ஒரே தட்டில் அவரவர் பக்கத்திலிருந்து கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும். நல்ல கறித்துண்டை எதிரில் இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவதுதான் மரியாதை. அன்று ஆண்களுக்கு வெளியே கூடாரத்தில் ஆறு சகன், பெண்களுக்குக் கூடத்தில் ஐந்து.

நிகோரா மாடியிலிருந்து இறங்கி வந்து அந்த வட்டங்களைப் பார்த்தபடி படிக்கட்டிலேயே நின்றாள். ஷஹீதா நகர்ந்து இடம்கூட விட்டாள். அதற்குள் கைருன்னிசா எழுந்து போய், அவள் கையைப் பிடித்துச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பூப்போட்ட பீங்கான் தட்டு, கரண்டி, முள்கரண்டி, டிஷ்யூ, ஒரு போத்தல் தண்ணீர் எல்லாம் தயாராக இருந்தன. காற்றாடியையும் அந்தப் பக்கம் திருப்பி வைத்தாள். கூடம் முழுக்கச் சிரிப்பும் பேச்சுமாக இருக்க, நிகோரா மேசையில் தனியாக உட்கார்ந்து நாலு கரண்டி சாப்பிட்டுவிட்டு, நன்றி சொல்லி மாடிக்குப் போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை உமாபதி போன் செய்தார்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. நிகோரா ஹாஸ்டலுக்கு மாறணும்னு எழுதிக் கொடுத்திருக்கு. காரணம் ஒண்ணும் போடல. ஒங்க வீட்டப் பத்தி ஒரு குறையும் சொல்லல. சனிக்கிழமை மத்தியானம் வந்து பாரத்துல கையெழுத்து வாங்கிட்டு, அப்படியே கூட்டிட்டுப் போயிடுறேன்."

கைருன்னிசா போனை வைத்துவிட்டு வெகுநேரம் அடுப்படியில் நின்றாள். அழுகை வரவில்லை, அவமானமாக இருந்தது. முப்பது வருடத்தில் அவள் கையால் எத்தனை ஆயிரம் பேர் சாப்பிட்டிருப்பார்கள்! தோட்டத்து லோரி ஓட்டுநர்கள், போலீஸ்காரர்கள், பேருந்தைத் தவறவிட்ட பிள்ளைகள். ஒருத்தர்கூட முகம் சுளித்து எழுந்து போனதில்லை. வீட்டோடு வைத்துப் பார்த்த ஒரே ஒரு பெண்ணுக்குத் தன் வீடு பிடிக்கவில்லை. ஷஹீதா சொன்னதுதான் நடந்தது என்று நினைத்தபோது நெஞ்சு எரிந்தது.

ஜியாவுதீனிடம் மட்டும் சொன்னாள்.

"போவட்டுமே. நானும் சட்டையக் கழட்டலாம்," என்றார் அவர். சொன்ன பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரொட்டிய மாத்திப் பாப்பமா? வேற கம்பெனி ரொட்டி?" என்று கேட்டார்.

வேறு ரொட்டியும் வந்தது. புதுத் தலையணையும் வந்தது. புதன், வியாழன் இரண்டு நாளும் கைருன்னிசா ஏற்கெனவே செய்ததையே இரண்டு மடங்காகச் செய்தாள். நிகோராவிடம் நேராகக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. ஊரையே கேள்வி கேட்கிறவள் இந்த ஒரு கேள்வியை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரம். ஜாம் தடவிய ரொட்டியும் தளும்பத் தளும்ப டீயுமாகத் தட்டை ஏந்தி மாடியேறினாள். நிகோரா துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். தட்டைப் பார்த்ததும் எழுந்து நின்று, "தெரிமா காசி, மக்சிக்" என்றாள். மக்சிக் என்றால் அத்தை, மாமி என்கிற மாதிரி மலாயில் ஒரு மரியாதைச் சொல்.

அந்த நன்றிதான் கைருன்னிசாவைக் கிளப்பிவிட்டது. தட்டை நங்கென்று மேசையில் வைத்தாள். டீ சிந்தியது.

இருவரும் பேசிக்கொள்வது பாதி மலாய், பாதி ஆங்கிலம். அதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்:

"நன்றி, நன்றி, நன்றி! இந்த வீட்டுல ஒனக்கு என்ன கொறை வச்சேன்? வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்! நாளைக்குப் போறவ இன்னிக்காவது சொல்லிட்டுப் போ!"

ஆறரை வாரத்தில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. நிகோரா மலைத்துப்போய்ப் பார்த்தாள். பிறகு அவளும் பிடித்துக்கொண்டாள்.

"குறை ஒண்ணுமில்ல. அதுதான் குறை! எங்க ஊர்ல விருந்தாளின்னா மூணு நாள். நான் நாப்பத்தஞ்சு நாளா விருந்தாளி. பெருக்க விடல, பாத்திரம் தொட விடல. நான் இறங்கி வந்தா எல்லாரும் பேச்ச நிறுத்துறீங்க. அங்கிள் சட்டை மாட்டிக்கிட்டு ஓடுறாரு. ஃபரா வெளியில போயி சிரிக்கிறா. நான் இருக்கிறது ஒங்களுக்குப் பாரம்னு எனக்குத் தெரியாதா?"

"பாரமா? யாரு சொன்னா?"

"அன்னிக்கு எல்லாரும் ஒரே தட்டுல சாப்பிட்டீங்க. பக்கத்து வீட்டு ஆளுங்ககூட உக்காந்தாங்க. என்னை மட்டும் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி மேசையில தனியா உக்கார வச்சீங்க. நான் என்ன நோயாளியா? என் கை அழுக்கா?"

நிகோரா கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். முற்றத்தில் தரைவிரிப்பு. நடுவில் நீலப்பூ போட்ட ஒரு பெரிய வட்டத் தட்டு, அதில் மலையாகச் சோறு, மேலே கறி. சுற்றிலும் அவள் வாப்பா, சித்தப்பாமார், தம்பி. ஐந்து கைகளும் அந்த ஒரே தட்டுக்குள் இருந்தன.

"இது எங்க வீடு. நாங்க சாப்பிடுறது இப்படித்தான். அன்னிக்கு ஒங்க கூடத்தப் படிக்கட்டுல நின்னு பாத்தப்ப, வீட்டுக்கே வந்துட்டேன்னு நெனச்சேன்."

கைருன்னிசா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் இரண்டாம் படிவம் படிக்கும்போது, நோன்புப் பெருநாளன்று வகுப்புப் பிள்ளைகளோடு பயிற்சி ஆசிரியை ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். பட்டணத்துப் பெண். கூடத்தில் சகனைச் சுற்றி நாலு பேர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "ஏன், ஒங்க வீட்டுல தட்டு பத்தலையா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். ஆனால் வகுப்பே சிரித்தது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோதும் சிரித்தது. அன்று முதல் சகன் பழக்கமில்லாத வெளியாட்கள் யார் வந்தாலும் கைருன்னிசா தனித்தட்டுத்தான் வைப்பாள். அதிலும் கடைக்காரி ஆனபிறகு, இருநூறு தட்டு அடுக்கி வைத்திருப்பவளைப் பார்த்து இனி யார் அப்படிக் கேட்பார்கள் என்று ஒரு வீம்பு. முப்பத்தொன்பது வருடமாக இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஜியாவுதீனிடம்கூட. இப்போது இந்த அன்னியப் பெண்ணிடம், உடைந்த மலாயும் ஆங்கிலமுமாகக் கொட்டித் தீர்த்தாள்.

"நீ அருவருப்பாப் பாப்பேன்னு பயந்தேன். அதான் லா. ஒன்னை ஒதுக்கல. எங்களைத்தான் ஒளிச்சு வச்சேன்."

நிகோரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, "இன்னொண்ணும் இருக்கு மக்சிக். அந்த டீ" என்றாள்.

"டீக்கு என்ன?"

"எங்க ஊர்ல பிரியமானவங்களுக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊத்துவாங்க. திரும்பத் திரும்ப ஊத்துறதுதான் மரியாதை. நிறைச்சு ஊத்தினா, குடிச்சிட்டுக் கெளம்புன்னு அர்த்தம்."

"அடிப் பாவி! தளும்பத் தளும்ப ஊத்தினாத்தான் பாசம்னு நான் பெரிய கோப்பையா வாங்கிட்டு வந்தேன்!"

மாடியிலிருந்து வந்த சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு, ஜியாவுதீன் என்னவோ ஏதோவென்று படிக்கட்டுக்கு ஓடி வந்தார். அவசரத்தில் சட்டையை மறந்துவிட்டு, பனியனோடு நின்றார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் நிகோரா அடுப்படிக்கு வந்தபோது கைருன்னிசா விரட்டவில்லை. கத்தியும் கேரட்டும் கொடுத்தாள். அவள் குச்சி குச்சியாக, அளந்து அளந்து நறுக்குவதைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். "ஏ புள்ள, நீ இத நறுக்கி முடிக்கிறதுக்குள்ள ஹஜ்ஜுப் பெருநாள் வந்துரும் போலிருக்கே!" என்று ஒரு அதட்டல் போட்டாள். நிகோரா பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். ராத்திரி நெத்திலிக் கருவாடு பொரித்தார்கள். நாலு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, காரத்தில் காது சிவந்து, குழாயடிக்கு ஓடியது அந்தப் பெண்.

இவ்வளவு நடந்தும், "போறியா, இருக்கியா?" என்று கைருன்னிசா கேட்கவில்லை. பாதி அடைத்த பெட்டி மாடியில் அப்படியேதான் கிடந்தது. எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதானே. ஹாஸ்டலில் அவள் வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வகுப்புக்கு நடந்தே போய்விடலாம். இங்கிருந்து என்றால் தினமும் ஜியாவுதீன் வேனில் முக்கால் மணி நேரம் தோட்டத்து ரோட்டில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். இரு என்று கெஞ்சி, மரியாதைக்காக ஒருத்தி இருந்தால் அது நன்றாக இருக்காது. அவள் ஆசைப்பட்டு இருக்க வேண்டும். கைருன்னிசாவுக்கு இது தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் சனிக்கிழமை காலையில் களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள்.

மத்தியானம் நெய்ச்சோறு ஆக்கினார்கள். கூடத்தில் பாய் விரித்து, பெண்களுக்கு ஒரு சகன் வைத்தாள். கைருன்னிசா, ஃபரா, ஷஹீதா மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நாலாவது பக்கத்தில் நிகோரா, யாரும் சொல்லாமலே, கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஜியாவுதீனுக்கு ஓரமாக ஒரு சின்னத் தட்டு. அவர் பனியனோடு நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஷஹீதா முதலில் ஒருமாதிரியாகப் பார்த்தாள். நிகோரா நல்ல எலும்புக்கறி ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளிவிட்டதும் அந்தப் பார்வை மாறிவிட்டது.

பாதிச் சாப்பாட்டில் வாசலில் பல்கலைக்கழக வேன் வந்து நின்றது. உமாபதி கோப்பும் கையுமாக உள்ளே வந்தார். கூடத்தைப் பார்த்ததும் தயங்கி நின்றார்.

"சாப்பிடுறீங்களா? நான் வெளிய இருக்கேம்மா, மெதுவா முடிங்க."

கைருன்னிசா கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். வந்தவரைச் சாப்பிடச் சொல்ல வேண்டும், எழுந்திருக்க வேண்டும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் கையை ஊன்றுவதற்குள், நிகோரா எழுந்துவிட்டாள். விறுவிறுவென்று உள்ளே போய்க் கையைக் கழுவினாள். அலமாரியைத் திறந்து பூப்போட்ட பீங்கான் தட்டு, கரண்டி, முள்கரண்டி, டிஷ்யூ எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தாள். காற்றாடியை அந்தப் பக்கம் திருப்பினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, மலாயில், உமாபதியைப் பார்த்துச் சொன்னாள்:

"உக்காருங்க சார். எங்க வீட்டுக்கு மொத தடவையா வந்திருக்கீங்க. விருந்தாளிங்க மேசையிலதான் சாப்பிடணும்."

உமாபதி கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நிகோராவைப் பார்த்தார், கைருன்னிசாவைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் மேசையில் போய் உட்கார்ந்து, பாரம் இருந்த அந்தக் கோப்பைத் திறக்காமலே காலடியில் வைத்தார். நிகோரா அவருக்குச் சோறு பரிமாறினாள்.

கைருன்னிசாவுக்குக் கண் நிறைந்து தட்டு மங்கலாகத் தெரிந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. அதை யாருக்கும் காட்டிக்கொள்ளாமல், தமிழிலேயே அதட்டினாள்.

"ஏ நிகோரா, அங்கயே நின்னுக்கிட்டிருக்காத! அவருக்குத் தால்ச்சாவ ஊத்திட்டு வெரசா வா. இங்க ஒன் பக்கத்துச் சோத்தையெல்லாம் ஷஹீதா தின்னுக்கிட்டிருக்கா!"

தமிழில் பத்து வார்த்தை தெரியாத நிகோரா, தால்ச்சாவை ஊற்றிவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தாள்.